கார்டு மோசடி, அடையாளத் திருட்டு: டெல்டா பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்விகளும் பதில்களும்

வங்கி கவுண்டரில் இருந்த காலத்தில் பாபநாசம், வலங்கைமான், நன்னிலம் பக்கத்து மக்கள் கேட்டதும், ஓய்வு பெற்ற பிறகு கும்பகோணத்தில் தெருக்காரர்களும் உறவுக்காரர்களும் போன் போட்டுக் கேட்பதும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். இந்த நிமிஷம் உங்கள் பணம் போய்க்கொண்டிருந்தால் நேராக 3ஆம் கேள்விக்குப் போங்கள். மற்றதை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

1. கார்டு என் பர்ஸுலயேதான் இருக்கு, யாருக்கும் குடுக்கல. அப்புறம் எப்படி சார் பணம் போகும்?

இணையத்தில் பொருள் வாங்க அட்டையே தேவையில்லை. கார்டு எண், காலாவதி ஆகும் மாதமும் வருடமும், பின்பக்கத்தில் இருக்கும் மூன்று இலக்க சிவிவி ஆகியவை தெரிந்தால் போதும். நம் நாட்டுத் தளம் என்றால் அதற்கு மேல் ஓடிபியும் கேட்கும். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் ஓடிபி கேட்பதே இல்லை. அதனால்தான் 2020 அக்டோபரிலிருந்து புதிதாகத் தரும் கார்டுகளில் இணையப் பயன்பாடும் வெளிநாட்டுப் பயன்பாடும் அணைத்தே வரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்தது. வேண்டுமென்றால் நாமேதான் வங்கிச் செயலியில் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு தடவை போட்டுவிட்டு அணைக்க மறந்தவர்கள்தான் அதிகம். இன்றைக்கே உங்கள் செயலியைத் திறந்து பாருங்கள்.

ஓடிபியைக் களவாடவும் வழி இருக்கிறது. ஆவணி, தை முகூர்த்த மாதங்களில் வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வருவது சகஜம். வந்த கோப்பின் பெயர் ‘ஏபிகே’ என்று முடிந்தால் அது பத்திரிகை அல்ல, ஒரு செயலி. அதைத் தொட்டு, நிறுவி, கேட்கும் அனுமதியெல்லாம் கொடுத்துவிட்டால் உங்களுக்கு வரும் எஸ்எம்எஸ் அத்தனையும் அவன் கைக்கும் போகும். பிஎம் கிசான் தவணை, வண்டிக்கு அபராதம் என்ற பெயர்களிலும் இதே கோப்பு சுற்றுகிறது. தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தது என்று நம்பிவிட வேண்டாம். அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கலாம்.

2. பேசுறது நிஜமாவே பேங்க்தானான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? நம்ம பேரு, ஊரு, கார்டோட கடைசி நாலு நம்பர் எல்லாம் சொல்றாங்களே.

அதெல்லாம் விலைக்குக் கிடைக்கும் தகவல். கடைசி நாலு எண் சொன்னான் என்பதால் அவன் வங்கி ஊழியன் ஆகிவிட மாட்டான். வங்கிகள் வாடிக்கையாளரை அழைக்க 1600 என்று தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. வங்கி இணையதளங்களும் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31க்குள் மாறவேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. இவை தெரிந்திருப்பது நல்லதுதான். ஆனால் பேசுகிறவன் யாரென்று கண்டுபிடிப்பது உங்கள் வேலையே இல்லை. அழைப்பைத் துண்டியுங்கள். கார்டின் பின்னால் இருக்கும் எண்ணுக்கு நீங்களே போடுங்கள். உண்மையாகவே வங்கி அழைத்திருந்தால் விஷயம் அங்கே தெரிந்துவிடும்.

அந்த எண்ணைக் கூகுளில் தேடி எடுக்காதீர்கள். போலி ‘கஸ்டமர் கேர்’ எண்கள் அங்கே நிறைய. இன்னொன்று: மகளிர் உரிமைத் தொகையோ, கிசான் பணமோ, நெல் போட்ட பணமோ, எதுவாக இருந்தாலும் நம் கணக்குக்குப் பணம் வருவதற்கு நாம் ஓடிபி சொல்ல வேண்டியதில்லை, யூபிஐ பின் அடிக்க வேண்டியதில்லை. வீடியோ காலில் போலீஸ் உடையில் வந்து ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டினால், அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே கிடையாது.

3. நான் வாங்காத பொருளுக்கு மெசேஜ் வந்துருக்கு. முதல்ல என்ன பண்ணணும்?

வங்கிச் செயலி கையில் இருந்தால் முதலில் கார்டை அதிலேயே முடக்குங்கள். செயலி இல்லையென்றால் கார்டின் பின்பக்க எண்ணுக்குப் போட்டு முடக்கச் சொல்லுங்கள். முடக்கியதற்கு ஒரு புகார் எண் தருவார்கள். அதையும் மணியையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த அழைப்பு 1930, இணையப் பண மோசடிக்கான உதவி எண். அதன் பிறகு, அன்றைக்கே, நடந்ததைச் சுருக்கமாக வங்கியின் மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். வந்த எஸ்எம்எஸ்களை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

வந்த மெசேஜிலேயே ‘இது நீங்கள் இல்லையென்றால் இந்த எண்ணை அழைக்கவும்’ என்று இருந்தால், அந்த எண்ணும் கார்டின் பின்னால் இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். பணம் போகாமலேயே போனதாகப் பொய் மெசேஜ் அனுப்பி, பயத்தில் நம்மைக் கூப்பிட வைப்பதும் நடக்கிறது. பர்ஸே தொலைந்தால் கார்டின் பின்பக்கம் நம்மிடம் இருக்காது. அதனால் அந்த எண்ணை வீட்டுச் சுவரில் தினசரி காலண்டர் அட்டையில், கேஸ் புக்கிங் எண் எழுதியிருக்கும் இடத்திலேயே பெரிதாக எழுதிவையுங்கள்.

ஏபிகே கோப்பு நிறுவிய பிறகு பணம் போயிருந்தால் அந்தப் போனிலிருந்து எதுவும் செய்ய வேண்டாம். அதை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு வேறு போனிலிருந்து அழையுங்கள்.

4. ராத்திரி பதினோரு மணிக்கு வந்துச்சு. பையன் சிங்கப்பூர்ல இருக்கான், காலைல அவன்கிட்ட கேட்டுட்டு பேங்க்குக்குப் போனா போதாதா?

போதாது. நம் பக்கத்தில் பணம் போவதைவிட அதிகம் சேதம் செய்வது இந்தக் காத்திருப்புதான். மகனைக் கேட்கலாம், மருமகனைக் கேட்கலாம், திங்கட்கிழமை மேனேஜரைப் பார்க்கலாம் என்று இருக்கும் நேரத்தில் பணம் நாலு கணக்கு தாண்டியிருக்கும். கார்டை முடக்கும் எண் இரவும் பகலும் வேலை செய்யும். முடக்க யார் அனுமதியும் வேண்டாம். தப்பாக முடக்கிவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை, புது கார்டு வாங்கிக்கொள்ளலாம்.

சிலர் வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு ஒரு வாரம் மறைத்துவிட்டு வருகிறார்கள். படித்தவர், பதவியில் இருந்தவர் எல்லாருமே ஏமாந்திருக்கிறார்கள். தயவுசெய்து முதலில் அழையுங்கள், வீட்டில் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

5. 1930க்கு அடிச்சா அவங்க என்ன பண்ணுவாங்க? போன பணத்தை எப்படிப் புடிப்பாங்க?

அது இணைய நிதி மோசடிக்கான தேசிய உதவி எண். தமிழிலேயே பேசலாம். எந்த வங்கி, எவ்வளவு, எத்தனை மணிக்கு, பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்பார்கள். மெசேஜைப் பார்த்துச் சொல்லுங்கள். அவர்கள் பதிவது உங்கள் வங்கிக்கும், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கும் உடனே போகும். பணம் அங்கே இருந்தால் அந்தத் தொகையை நிறுத்தி வைப்பார்கள். அங்கிருந்தும் நகர்ந்திருந்தால் அடுத்த வங்கி, அதற்கடுத்த வங்கி என்று பின்தொடர்வார்கள். யாராவது ஏடிஎம்மில் ரொக்கமாக எடுத்துவிட்டால் அந்தத் தடம் அங்கேயே நின்றுவிடும். அவசரப்படச் சொல்வது இதனால்தான்.

புகார் எண் எஸ்எம்எஸ்ஸில் வரும். பிறகு ‘சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்’ தளத்தில் புகாரை முழுமையாகப் பதிய வேண்டும். இ-சேவை மையத்தில் உட்கார்ந்து பதிவதானால் உங்கள் கண்முன்னே செய்யச் சொல்லுங்கள். நிறுத்தி வைத்த பணம் கைக்குத் திரும்ப, பல நேரங்களில் நீதிமன்ற உத்தரவும் வேண்டியிருக்கும்.

6. போலீஸ் ஸ்டேஷனுக்கும் போகணுமா? எங்க ஊர் ஸ்டேஷன்ல வாங்குவாங்களா?

போவது நல்லது. மாவட்டத் தலைநகரில் சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது, அங்கே போகலாம். தூரம் என்றால் உள்ளூர் நிலையத்திலேயே எழுதிக் கொடுக்கலாம். குற்றம் எங்கே நடந்தது என்பதைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்ப இன்றைய சட்டத்தில் இடமில்லை. மனுவை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வங்கியும், 10ஆம் பதிலில் வரும் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரும் அதைக் கேட்கக்கூடும்.

அடுத்தவர் அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவிலும், கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது 66டி பிரிவிலும் வரும். இரண்டுக்கும் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. மனுவில் இந்தப் பிரிவுகளை எழுதினால் தப்பில்லை.

7. போன பணத்தை நான்தான் கட்டணுமா?

2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை இதற்கு விடை வைத்திருக்கிறது. தவறு வங்கியுடையது என்றால் உங்கள் பொறுப்பு பூஜ்யம். தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை, நடுவில் எங்கோ கசிந்தது என்றால் நாள் கணக்கு. வங்கியிடமிருந்து மெசேஜ் வந்து 3 வேலை நாளுக்குள் புகார் செய்தால் அப்போதும் பூஜ்யம். 4 முதல் 7 வேலை நாளுக்குள் என்றால் ஒரு உச்சவரம்பு வரை நீங்கள் ஏற்க வேண்டும். 5 லட்சம் வரை லிமிட் உள்ள கிரெடிட் கார்டுக்கும் சாதாரண சேமிப்புக் கணக்குக்கும் அது 10,000 ரூபாய். அதற்கு மேல் லிமிட் உள்ள கார்டுக்கு 25,000. ஜீரோ பேலன்ஸில் வைக்கும் அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000. போன தொகை இதைவிடக் குறைவு என்றால் அந்தக் குறைந்த தொகைதான். 7 நாள் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி.

மெசேஜ் வந்த நாளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வெள்ளிக்கிழமை இரவு வந்தது, மறுநாள் இரண்டாம் சனி என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கள், செவ்வாய், புதன் ஆகியவைதான் அந்த மூன்று வேலை நாள்.

இதில் பலருக்கும் தெரியாதது ஒன்று: வாடிக்கையாளர் தவறு செய்தார் என்று நிரூபிக்க வேண்டியது வங்கிதான். ‘நீங்கள்தான் ஓடிபி கொடுத்திருப்பீர்கள்’ என்று கவுண்டரில் வாய்வார்த்தையாகச் சொன்னால், அதை எழுத்தில் ஆதாரத்தோடு தரச் சொல்லிக் கேளுங்கள்.

8. ஓடிபியை நான்தான் சார் வாயால சொல்லிட்டேன். எனக்கு ஒண்ணும் கிடைக்காதா?

நீங்கள் சொன்னதால் போனது உங்கள் நஷ்டம் என்றுதான் அந்தச் சுற்றறிக்கை சொல்கிறது. ஆனால் அது நீங்கள் வங்கிக்குத் தெரிவிக்கும் வரைதான். தெரிவித்த பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. 10.05க்கு 20,000 போகிறது, 10.20க்கு நீங்கள் வங்கியை அழைக்கிறீர்கள், 10.40க்கு இன்னொரு 30,000 போகிறது. அந்த இரண்டாவது தொகையை வங்கி தரவேண்டும். 3ஆம் பதிலில் மணியை எழுதச் சொன்னது இதற்காகவே. 1930க்கும் போடுங்கள். ஓடிபி சொன்னவர்களின் பணமும் வழியில் நிற்பதுண்டு.

புகாரில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். ஓடிபியை வாயால் சொன்னது வேறு, நிறுவிய செயலி உங்களுக்குத் தெரியாமல் அதைப் படித்தது வேறு. இரண்டாவதுதான் நடந்தது என்றால் ‘ஓடிபி பகிர்ந்தேன்’ என்று நீங்களாக எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். அசாமில் ஒரு வாடிக்கையாளர் வாங்கிய பொருளைத் திருப்பித் தரப் போய், போலி கஸ்டமர் கேர் பேச்சைக் கேட்டு ஒரு செயலியை நிறுவி, 94,000 ரூபாய்க்கு மேல் இழந்தார். 24 மணி நேரத்துக்குள் புகார் செய்திருந்தார். ஸ்டேட் வங்கி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஜனவரியில் வாடிக்கையாளர் பக்கமே தீர்ப்பு நின்றது.

9. பில் வந்துருச்சு. நான் செலவழிக்காத தொகையும் அதுல இருக்கு. கட்டலன்னா சிபில் கெட்டுப்போகுமே?

நீங்கள் செலவழித்ததைக் கெடு தேதிக்குள் கட்டிவிடுங்கள். கோபத்தில் மொத்த பில்லையும் கட்டாமல் விட்டால்தான் சிக்கல். தகராறில் இருக்கும் தொகைக்கு, மோசடி என்று எழுத்தில் புகார் கொடுத்துவிட்டால் முடிவு தெரியும் வரை கட்டணம் எதுவும் போடக்கூடாது. மேலே சொன்ன சுற்றறிக்கைப்படி புகார் வந்த 10 வேலை நாளுக்குள் அந்தத் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தற்காலிக வரவைப் பார்த்துவிட்டு வழக்கு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். முடிவு பாதகமானால் அது திரும்பப் பற்று ஆகும்.

10. பேங்க்ல கைய விரிச்சுட்டாங்க. வக்கீல் வைக்கணுமா?

முதலில் வேண்டாம். வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டாலும், சொன்ன பதில் சரியில்லாவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. ‘சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன்’ தளத்தில் பதியலாம், 14448இல் வழி கேட்கலாம். வங்கிக்கு எழுத்தில் புகார் செய்த சான்று இல்லாமல் அங்கே மனு நிற்காது. மேனேஜரிடம் நேரில் சொன்னேன் என்பது சான்று அல்ல. அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

11. கொள்முதல் நிலையத்துல சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் எல்லாம் ஜெராக்ஸ் குடுத்தோம். அதை வச்சு என்ன பண்ண முடியும்?

நகலை மட்டும் வைத்து உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியாது. ஆனால் ஆதார், பான், புகைப்படம், கையெழுத்து நான்கும் ஒரே கட்டாக ஒருவன் கையில் சேர்ந்தால் உங்கள் பெயரில் சிம் வாங்கவோ கடன் கேட்கவோ முயல்வான். கொள்முதல் நிலையத்தில் கொடுக்காமல் நெல் போட முடியாது, கொடுக்கத்தான் வேண்டும். கொடுக்கும் ஒவ்வொரு நகலிலும், படத்தின் மேலும் எழுத்தின் மேலும் படும்படி குறுக்காக, ‘குறுவை நெல் கொள்முதலுக்கு மட்டும்’ என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஓரத்தில் எழுதினால் மடித்து மறைத்து மறுபடி நகல் எடுத்துவிடலாம்.

ஜெராக்ஸ் கடையில் சரியாக விழாத தாளை அங்கேயே போட்டுவிட்டு வராதீர்கள். வாட்ஸ்அப்பில் ஆதாரை அனுப்பி அச்செடுத்தால் கடைக்காரர் போனிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள். கடைசி நாலு எண் மட்டும் தெரியும் ஆதாரை இணையத்தில் பதிவிறக்கலாம். லாட்ஜில் அறை எடுக்க அதைக் கொடுத்தாலே போதும்.

12. நான் லோனே வாங்கல, ஆனா தவணை கட்டுன்னு ஒருத்தன் தினம் போன் பண்றான்.

பயந்துபோய் ஒரு தவணையைக்கூடக் கட்டாதீர்கள். கட்டினால் கடனை ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். முதலில் கடன் நிஜமா என்று பாருங்கள். நம் கடன் வரலாற்றைப் பதிந்துவைக்கும் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். அதில் அந்தக் கடன் இல்லையென்றால் போன் செய்பவன் போலியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இருந்தால், கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் அறிக்கை தந்த நிறுவனத்துக்கும் எழுத்தில் மறுப்பு அனுப்புங்கள். விண்ணப்பத்தின் நகல், கொடுத்த ஆவணங்கள், பதிவான செல்போன் எண், பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போனது என்று நாலையும் கேளுங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். செயலி வழிக் கடன் தொகை, கடன் வாங்கியவரின் சொந்தக் கணக்குக்கே போகவேண்டும் என்பது 2022 முதல் விதி. உங்களுக்குச் சம்பந்தமில்லாத கணக்குக்குப் போயிருந்தால் உங்கள் வாதத்தில் பாதி அதிலேயே நிற்கும். மறுப்பை 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. வசூல் ஆள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக்கூடாது. அழைத்தால் நேரத்தோடு குறித்துவைத்து 10ஆம் பதிலில் சொன்ன இடத்துக்கே எழுதுங்கள்.

13. கைரேகை வச்சே பணம் எடுத்துடறாங்களாமே, நிஜமா?

நடந்திருக்கிறது. ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கிலிருந்து ரேகை வைத்துப் பணம் எடுக்கும் வசதி கிராமங்களில் இருக்கிறது. ஆவணங்களில் பதிந்த ரேகையை நகலெடுத்து அதைத் தவறாகப் பயன்படுத்திய வழக்குகள் வேறு மாநிலங்களில் வந்தன. இதற்கு ஓடிபி கேட்காது. ஆதார் செயலியிலோ இணையதளத்திலோ உங்கள் ரேகையைப் பூட்டிவைக்கலாம், செலவில்லை. சந்தேகத்துக்கு 1947. பூட்டிவிட்டு ரேஷன் கடைக்குப் போனால் அங்கேயும் ரேகை ஏற்காது. போகும் நாளில் திறந்துவிட்டு, வந்ததும் பூட்டிக்கொள்ளுங்கள்.

14. துபாய்ல இருக்கேன். ஊர் நம்பருக்கு ரீசார்ஜ் பண்றதில்ல. பேங்க்ல அந்த நம்பர்தான் இருக்கு. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. துண்டிக்கப்பட்ட எண் சில மாதங்களில் வேறு ஒருவருக்குப் போய்விடும். அப்புறம் உங்கள் எச்சரிக்கை மெசேஜும் ஓடிபியும் அவருக்குத்தான் போகும். மன்னார்குடி, கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கம் வெளிநாடு போனவர்கள் இல்லாத தெருவே குறைவு. ஆனாலும் இதைச் செய்துவைத்தவர்கள் கொஞ்சம்தான்: எண்ணை ரீசார்ஜில் உயிரோடு வையுங்கள், இல்லையென்றால் வங்கியில் எண்ணை மாற்றுங்கள், மின்னஞ்சல் எச்சரிக்கையும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஊரில் இருப்பவர்களுக்கும் ஒன்று. பக்கத்தில் எல்லார் போனிலும் சிக்னல் இருந்து உங்களுக்கு மட்டும் திடீரென்று போய்விட்டால், உங்கள் எண்ணுக்கு வேறு யாரோ புது சிம் வாங்கியிருக்கலாம். உடனே வேறு போனிலிருந்து சிம் நிறுவனத்தையும் வங்கியையும் அழையுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் பார்க்கலாம். நீங்கள் வாங்காதது இருந்தால் அங்கேயே ‘என்னுடையதல்ல’ என்று பதியலாம்.

15. காலேஜ் படிக்கிற பையன் ஃப்ரெண்டுக்கு ஏடிஎம் கார்டு குடுத்தானாம், மாசம் ஐயாயிரம் தர்றேன்னாங்களாம். இப்ப அக்கவுண்ட்டே முடங்கிருச்சு.

5ஆம் பதிலில் சொன்ன ‘அடுத்த வங்கி’ இப்படிப்பட்ட கணக்குதான். யாரோ ஒருவருடைய பணம் அதன் வழியாகப் போயிருக்கிறது. சட்டத்தின் முன் பையன் இப்போது சந்தேகத்துக்கு உரியவன், பாதிக்கப்பட்டவன் அல்ல. இதற்கு வக்கீல் வேண்டும், தாமதிக்காதீர்கள். எந்த மாநிலத்துப் போலீஸ், எந்தப் புகார் எண்ணின்பேரில் முடக்கச் சொன்னார்கள் என்று வங்கியில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கார்டை வாங்கியவன் யார், எப்போது, என்ன பேசினான் என்ற வாட்ஸ்அப் உரையாடலை அழிக்க விடாதீர்கள். அவனைக் காப்பாற்றக்கூடியது அதுதான்.

கூலிப் பணமோ நெல் பணமோ வந்த கணக்கு, எவனோ அனுப்பிய ஒரு தொகையால் முடங்குவதும் உண்டு. அப்போதும் இதே விவரத்தைக் கேளுங்கள். பணம் எதற்காக வந்தது என்பதற்கான ரசீதோடு விளக்கம் கொடுங்கள்.

16. போன பணத்தை மீட்டுத் தர்றேன், பத்து பர்சன்ட் முன்பணம் குடுங்கன்னு ஒருத்தர் சொல்றாரு.

அவரும் அதே கூட்டம்தான். 1930, குறைதீர்ப்பாளர் எதற்குமே முன்பணம் கிடையாது.

17. அப்பா காலமாயிட்டாரு. அவரு கார்டும் போனும் அப்படியே இருக்கு. ஏதாவது செய்யணுமா?

செய்ய வேண்டும், பலர் விட்டுவிடுவது இதைத்தான். இறப்புச் சான்றிதழ் நகலோடு கார்டு கொடுத்த வங்கிக்கு எழுதி கார்டை மூடச் சொல்லுங்கள். நிலுவை இருந்தால் அப்போது தெரியும். அவர் கார்டில் நீங்கள் பொருள் வாங்க வேண்டாம், நல்ல எண்ணத்தோடு செய்தாலும் அது தவறாகிவிடும். சிம்மை உடனே விட்டுவிடாதீர்கள். சேமிப்புக் கணக்கு, காப்பீடு, கூட்டுறவுச் சங்க நகைக்கடன் ஆகியவற்றின் மெசேஜ்கள் அந்த எண்ணுக்குத்தான் வரும். அவையெல்லாம் முடிந்த பிறகு எண்ணை ஒப்படையுங்கள். அவருடைய ஆதார், பான் நகல்களை எங்கே கொடுத்தாலும் 11ஆம் பதிலில் சொன்னபடி குறுக்கே எழுதியே கொடுங்கள்.